ட்ரீம் தியேட்டரோட தி அஸ்டானிஷிங் ஆல்பத்த 9 வருஷம் கழிச்சு திரும்பக் கேட்டேன், ஏமாத்தம் அப்படியேதான் இருக்கு, உங்களுக்கு எப்படி?

ஏழாம்தந்தி:

கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க, ரொம்ப நாளா மனசுல கெடக்கற விஷயம் இது.

அமெரிக்க ப்ராக்ரெசிவ் மெட்டல் பேண்ட் ட்ரீம் தியேட்டர நான் கேக்க ஆரம்பிச்சது 2000ல. ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் சீனியர் அண்ணன் ஒருத்தர் சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி ஆல்பத்த 90 நிமிஷ கேசட்டுல பதிஞ்சு குடுத்தாரு. ஆல்பம் 77 நிமிஷம், கேசட்டு ஒரு பக்கம் 45 நிமிஷம்தான் புடிக்கும், அதனால ஹோம் பாட்டு முடிய ஒரு மூணு நாலு நிமிஷம் இருக்கும்போது டேப் டக்குனு நின்னுடும், எந்திரிச்சுப் போய் திருப்பிப் போட்டாத்தான் மிச்சம் வரும். இன்னிக்கும் அந்தப் பாட்டுல அந்த எடம் வந்தா என் கை தன்னால அசையுது. அப்புறம் பின்னாடி போய் 92ல வந்த இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ், 94ல வந்த அவேக், 23 நிமிஷப் பாட்டு எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்னு ஒண்ணு விடாம தேடித் தேடிக் கேட்டேன், நான் கிட்டார் எடுத்ததே அவங்க கிட்டாரிஸ்ட் ஜான் பெட்ருச்சியாலதான். 2010 செப்டம்பர்ல ட்ரம்மர் மைக் போர்ட்னாய் பேண்ட விட்டுப் போயிட்டாருன்னு படிச்ச அன்னிக்கு சாப்பாடு எறங்கல. அப்பவும் நான் விட்டுட்டுப் போகல, அவரு எடத்துக்கு மைக் மேஞ்சினி வந்து அடுத்த வருஷம் எ ட்ராமாடிக் டர்ன் ஆஃப் ஈவெண்ட்ஸ் வந்துச்சு, ஆசையா கேட்டேன், பிடிச்சுது, 2013ல பேண்ட் பேர்லயே வந்த ஆல்பமும் பிடிச்சுது. இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா போர்ட்னாய் இல்லங்கற கோவத்துல பேசற ஆள் நான் இல்ல, அது முதல்லயே தெரியணும்.

தி அஸ்டானிஷிங் வந்தது 2016 ஜனவரி 29. அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே வெப்சைட்ல மேப்பு, கதாபாத்திரங்க படம் எல்லாம் போட்டு, பேரரசு பக்கமா கலகக்காரங்க பக்கமான்னு நம்மள சேரச் சொன்னாங்க இல்ல, நான் கலகக்காரங்க கிராமமான ரேவன்ஸ்கில் பக்கம் சேந்தேன். 1999ல வந்த சீன்ஸ் ஆல்பத்துக்கு அப்புறம் முழுநீள கதை ஆல்பம், ரெண்டு சிடி, 34 ட்ராக், 130 நிமிஷம். அந்த வாரம் வேற எந்தப் பாட்டும் கேக்காம காத்துக்கிட்டு இருந்தேன்.

முதல் தடவ கேட்டு முடிச்சப்போ நான் தூங்கல, அழல, கோவப்படல. ஒண்ணுமே ஆகல. அதுதான் என்னைய பயமுறுத்துச்சு. சரி ஆல்பம் பெருசு, பழகணும்னு ரெண்டாவது தடவ, மூணாவது தடவ, ஒரு மாசம் முழுக்க பஸ்ல போக வர கேட்டேன், ஒரு ரிஃப்பு கூட வீட்டுக்கு வந்து கிட்டார எடுக்க வைக்கல. அப்புறம் அலமாரியில வச்சதுதான்.

போன மாசம் திரும்ப எடுத்தேன். போர்ட்னாய் 2023ல திரும்பி வந்து 2025 பிப்ரவரில பாராசோம்னியா ஆல்பம் வந்துச்சு, அது குடுத்த சந்தோஷத்துல எல்லா ஆல்பத்தையும் வரிசையா கேட்டுக்கிட்டு வந்தேன், இதுகிட்ட வந்ததும் திரும்ப அதே எடத்துல நின்னுட்டேன். இந்த தடவ ஏன்னு யோசிச்சேன்.

மெதுவான பாட்டு அதிகம்னு பலரும் சொல்றாங்க, எனக்கு அது பிரச்சனையே இல்ல. த்ரூ ஹெர் ஐஸ் மெதுவான பாட்டுதான, தி ஸ்பிரிட் கேரிஸ் ஆன் மெதுவான பாட்டுதான, அதுக்கெல்லாம் நான் உருகியிருக்கேன். கதையும் பிரச்சனை இல்ல. 2285ல மனுஷன் வாசிக்கற இசை செத்துப் போச்சு, நோமேக்ஸ்னு பறக்கற மெஷினுங்கதான் சத்தம் போடுது, அப்ப ஒரு கிராமத்துல கேப்ரியல்னு ஒருத்தன் பாடறான், அவன் பாட்டக் கேட்டு பேரரசர் பொண்ணு ஃபெய்த் மனசு மாறுது. சின்னப்பிள்ளத்தனமான கதைன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அந்தக் கதை நெஜமாவே பிடிக்கும். இசை மேல அவ்வளவு நம்பிக்கை வச்ச மனுஷனாலதான் அப்படி எழுத முடியும்.

என் குறை வேற. இந்த 130 நிமிஷத்துல பேண்ட் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. சீன்ஸ் ஆல்பத்துல கதை ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு பாடறவர் நிப்பாட்டிடுவாரு, தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி வரும், ஆறு நிமிஷத்துல தாளக் கணக்கு நூறு தடவைக்கு மேல மாறும், ஒரு வார்த்த கிடையாது, ஆனா கதையில என்ன நடக்குதுங்கறது அந்த வாசிப்புல வரும். ஃபைனலி ஃப்ரீ கடைசியில போர்ட்னாய் ட்ரம்ஸ்ல வெறி புடிச்ச மாதிரி போவாரு பாருங்க, அது கதையில வர்ற கொலைக்கு உண்டான பதற்றம், வசனம் தேவையே இல்ல. அஞ்சு பேரு ஒரு ரூம்ல நின்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு வாசிக்கறது எனக்கு அந்த கேசட்டுலயே கேட்டுச்சு. அஸ்டானிஷிங்ல எல்லாமே வார்த்தைக்குப் பின்னாடி ஓடுது. எட்டு நிமிஷத்த தாண்டற பாட்டு ஒண்ணு கூட இல்ல, ஒரு எண்ணம் மொளைச்சு வர்றதுக்குள்ள அடுத்த காட்சி வந்துடுது. இசைய பூரா பெட்ருச்சியும் கீபோர்டு வாசிக்கற ஜோர்டன் ரூடெஸ்ஸும் ரெண்டு பேரா உக்காந்து எழுதினாங்க, கதையும் பெட்ருச்சி, தயாரிப்பும் பெட்ருச்சி, ஆர்கெஸ்ட்ரா ஏற்பாடு டேவிட் கேம்ப்பெல், வாசிச்சது ப்ராக் நகரத்து ஆர்கெஸ்ட்ரா. பேஸ் கிட்டார் வாசிக்கற ஜான் மையங் எங்க? நான் ஹெட்ஃபோன் போட்டு பேஸ மட்டும் தேடித் தேடிக் கேட்டேன். மெஷின்கிட்ட இருந்து மனுஷ இசைய மீட்கற கதைக்கு மனுஷங்க சேந்து வாசிக்கற சத்தம்தான முன்னாடி நிக்கணும்? அது இல்லங்கறதுதான் எனக்கு வலி. கூடவே மெஷின் சத்தம் மட்டுமே வர்ற ட்ராக் அஞ்சு.

கேள்வி இதுதான். இந்த ஆல்பத்துக்குள்ள நெஜமா போனவங்க இங்க யாராவது இருக்கீங்களா, இருந்தா எந்த வழியா போனீங்க? சண்ட போட கேக்கல. 25 வருஷம் கூட வந்த பேண்டோட ஒரே ஒரு ஆல்பம் மட்டும் பூட்டின வீடு மாதிரி இருக்கு, அதான்.

செவிச்செல்வம்:

ஏழாம்தந்தி அண்ணா, நான் உள்ள போன ஆளு. எனக்கு இந்த பேண்ட்ல மொத மூணு ஆல்பத்துல இதுவும் ஒண்ணு, எழுதிடறேன்.

நீங்க கிட்டார் வாசிக்கறவரு, அதனால வாசிப்பு வழியா உள்ள போகப் பாக்கறீங்க, அந்த வாசல் இதுல இல்ல. நான் பாடறவ. எனக்கு இது ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் பாடகர் ஜேம்ஸ் லாப்ரியோட ஆல்பம். ஒரே மனுஷன் கேப்ரியல், அவன் அண்ணன் ஆரிஸ், பேரரசர் நஃபாரியஸ், இளவரசன் டாரியஸ், ஃபெய்த், ராணி அரபெல், அந்தச் சின்னப் பையன் ஸாண்டர் வரைக்கும் அத்தன பேருக்கும் பாடறாரு. லார்ட் நஃபாரியஸ் பாட்டக் கேளுங்க, வார்த்தைய மென்னு துப்பற மாதிரி பாடுவாரு, அதுக்கு ரெண்டு பாட்டு தள்ளி வென் யுவர் டைம் ஹேஸ் கம்ல வேற ஆளு. 94 கடைசியில க்யூபாவுல ஃபுட் பாய்சன் ஆகி வாந்தி எடுத்து குரல் நரம்பு கிழிஞ்சு, இனி பாட முடியுமான்னே தெரியாம பல வருஷம் கஷ்டப்பட்ட மனுஷன் அவரு, இருபது வருஷம் கழிச்சு ஒரு பேண்டு இவர நம்பி 130 நிமிஷத்த தூக்கிக் குடுக்குது. நான் அத நெனச்சுக்கிட்டுதான் கேப்பேன், ஒவ்வொரு தடவையும்.

இன்னொண்ணு, இத ராக் ஆல்பமா கேக்காதீங்க. எங்க ஊரு திருவிழால ராத்திரி முழுக்க வள்ளி திருமணம் நாடகம் போடுவாங்க, பாட்டுலயே சண்ட, பாட்டுலயே கேலி, பாட்டுலயே சமாதானம். அங்க போய் யாரும் ஆர்மோனியக்காரர் ஏன் தனியா அரை மணி நேரம் வாசிக்கலன்னு கேக்க மாட்டோம், அவரு பாடறவங்களுக்கு தோள் குடுக்கறாரு, அதுதான் அவரு வேலை. பெட்ருச்சி இதுல அந்த எடத்துலதான் உக்காந்திருக்காரு. எல்லா நாளும் முன்னாடி நிக்கற மனுஷன் தானா பின்னாடி தள்ளி உக்காந்தது எனக்கு பெரிய விஷயமா படுது.

ஆரம்பத்துல வர்ற டிஸ்டோபியன் ஓவர்ச்சர்ல இருக்கற மெட்டுங்கள மனசுல வாங்கிக்கிட்டு அப்புறம் போங்க, பின்னாடி ஒவ்வொண்ணா பாட்டாகித் திரும்ப வரும்போது ஆளு வர்ற மாதிரி இருக்கும். முக்கியமா பாட்டு வரிய கையில வச்சுக்கிட்டு கேளுங்க, ஒரு நாளைக்கு ஒரு ஆக்ட், அதாவது ஒரு சிடி. பஸ்ல கேட்டா இது ஆகவே ஆகாது.

எட்டரைத்தாளம்:

நான் ட்ரம்ஸ் வாசிக்கறேன், நண்பர் சொன்ன அந்த பேண்ட் எங்கங்கற கேள்வி எனக்கும் உண்டு, ஆனா பழி மேஞ்சினி மேல போயிடக் கூடாதுன்னு எழுதறேன் ஏன்னா இந்த ஆல்பம் பேச்சு வந்தாலே அவர மெஷின்னு சொல்றது ஒரு வழக்கமாயிடுச்சு, கேக்க கஷ்டமா இருக்கு. பெர்க்லி காலேஜ்ல பாடம் சொல்லிக்குடுத்துக்கிட்டு இருந்தவரு, அந்த நல்ல வேலைய விட்டுட்டு வந்தாரு, வேகமா அடிக்கற போட்டியில உலக சாதனை பல தடவ வச்சவரு, இடது கை வலது கை வித்தியாசமே இல்லாம வாசிப்பாரு. அப்படிப்பட்ட ஆள் கையில ஒரு வேலை குடுக்கறாங்க, பாட்டு ஏற்கனவே எழுதி முடிஞ்சிருக்கு, மேல ஆர்கெஸ்ட்ரா இருக்கு, கோரஸ் இருக்கு, கீபோர்டு ரெண்டு மூணு அடுக்கு இருக்கு, மிச்சம் இருக்கற சந்துல வாசிக்கணும். அவரு மரியாதையா ஒதுங்கி வாசிச்சாரு.

என் காதுக்கு குறை மிக்ஸ்ல, அதாவது எல்லா சத்தத்தையும் சேத்து கலந்த விதத்துல இருக்கு. ஸ்நேர் ட்ரம் சத்தம் காஞ்சு போய் தட்டையா இருக்கு, ரூம் காத்தே இல்ல, சிம்பல் எல்லாம் வயலின் கூட்டத்துக்குள்ள கரைஞ்சு போயிடுது. மையங் பேஸு பெட்ருச்சி கிட்டாருக்கு அடியில ஒட்டிக்கிட்டே ஓடுது, ரெண்டையும் காதால பிரிக்கவே முடியல. இமேஜஸ்ல பேஸு தனியா நடந்து போறது கேக்கும் இல்ல, மெட்ரோபாலிஸ் பாட்டு நடுவுல அந்தத் தட்டல் வருமே, அந்த ஆளுதான் இவரும். மொமெண்ட் ஆஃப் பிட்ரேயல்லயும் தி வாக்கிங் ஷேடோலயும் மட்டும் ட்ரம்ஸுக்கு கொஞ்சம் மூச்சு விட எடம் இருக்கு, அந்த ரெண்டும் நல்ல ஸ்பீக்கர்ல சத்தமா வச்சுக் கேளுங்க.

அடுத்த ஆல்பம் டிஸ்டன்ஸ் ஓவர் டைம் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நியூயார்க் மாநிலத்துல மாண்டிசெல்லோ பக்கம் ஒரு பழைய களஞ்சியத்த ஸ்டுடியோவா மாத்தின எடத்துல அஞ்சு பேரும் ஒண்ணா தங்கி, ஒண்ணா சமைச்சு சாப்பிட்டு, ஒண்ணா எழுதினாங்க, மேஞ்சினியும் மையங்கும் வரி கூட எழுதினாங்க, மொத்தமே 57 நிமிஷம். 2019ல அது வந்தப்போ முதல் பாட்டு அன்டெதர்ட் ஏஞ்சல் ஓட ஆரம்பிச்ச உடனே நான் சிரிச்சுட்டேன், அஞ்சு பேரு சத்தம் கேட்டுச்சு. உங்க குறை அவங்களுக்கே தெரிஞ்சிருக்குன்னுதான் நான் நெனைக்கறேன்.

பனங்கூடல்:

நான் லண்டனில இருக்கிறன். 2016 பெப்ரவரி 18, பலேடியம் தியேட்டரில இந்த ஆல்பத்தை முதல் முதலா மேடையில வாசிச்ச அண்டைக்கு நான் அங்க இருந்தனான், அதால எழுதுறன்.

அது வழமையான மெட்டல் ஷோ இல்லை. எல்லாரும் கதிரையில இருந்து பாத்தம், பழைய நாடகக் கொட்டகை, சிவப்புச் சீட்டு, மேடை முழுக்கத் திரையள், அதில ரேவன்ஸ்கில் கிராமமும் அரண்மனையும் ஓடுது. முதல் ஆக்ட் முழுக்க, பிறகு இடைவேளை, பிறகு ரெண்டாவது ஆக்ட் முழுக்க. பழைய பாட்டு ஒண்டும் இல்லை. எனக்குப் பக்கத்தில இருந்த ஆள் அவையின்ர பழைய பாட்டு புல் மீ அண்டர் வரும் எண்டு கடைசி வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தவர், வரேல்லை, பாவம், முகத்தில தெரிஞ்சது.

எனக்கு வீட்டில கேக்கேக்க விளங்காதது அங்க ஒரு இடத்தில விளங்கினது. ஹிம் ஆஃப் எ தௌசண்ட் வொய்சஸ் வாற இடம், ஃபெய்த் செத்துக் கிடக்கிறா, கேப்ரியலுக்குக் கத்தினதில குரல் போட்டுது, சனம் எல்லாம் சேந்து பாடி அவனுக்குக் குரலைத் திருப்பிக் குடுக்குதுகள். ஆல்பத்தில அது பதிவு செய்த கோரஸ், அவ்வளவுதான். அங்க நாங்கள் இத்தனை பேர் ஒரு மண்டபத்தில மூச்சு விடாம இருக்கேக்க, அந்தச் சனம் நாங்கள்தான் எண்டு பட்டுது. எனக்குக் கண் கலங்கிட்டுது. நாங்கள் பாட்டாலயும் ரேடியோவாலயும் ஊரைக் காவிக்கொண்டு வந்த ஆக்கள், இசையைத் தடை செய்த ஊரில ஒருத்தன் பாடுறான் எண்ட கதை எனக்குச் சின்னக் கதை இல்லை.

எண்டாலும் ஏழாம்தந்தி சொல்லுறது சரி. திரும்பி ரெயிலில வரேக்க நான் ஹெட்ஃபோனில போட்டுக் கேட்டது அவேக் ஆல்பம். அஸ்டானிஷிங்கை வீட்டில முழுக்க இருந்து கேட்டது அதுக்குப் பிறகு ரெண்டு தரம் இருக்கும், கூட இல்லை. மேடையில இருந்த உயிர் அந்த சிடிக்குள்ள ஏன் வரேல்லை எண்டு எனக்கு இண்டைக்கும் கவலை.

மூன்றரைமணி:

34 ட்ராக்கையும் வரிசையா கேக்கணும்னு யாரும் சட்டம் போடல. நான் செஞ்சது இது, மெஷின் ட்ராக் அஞ்சையும் எடுத்துட்டேன், தி கிஃப்ட் ஆஃப் மியூசிக், எ லைஃப் லெஃப்ட் பிஹைண்ட், எ நியூ பிகினிங், மொமெண்ட் ஆஃப் பிட்ரேயல், தி பாத் தட் டிவைட்ஸ், அவர் நியூ வேர்ல்ட், இந்த ஆறு மட்டும் ஒரு லிஸ்ட். முப்பத்தஞ்சு நிமிஷம் கூட வராது, நல்ல ஆல்பம். கதை கெட்டுப் போகும், எனக்குப் பரவால்ல.

செவிச்செல்வம்:

@மூன்றரைமணி ஆறு பாட்ட புடுங்கி எடுத்தா ஆரிஸ் ஏன் தம்பியக் காட்டிக் குடுக்கப் போனான், ஏன் கடைசி நேரத்துல மனசு மாறினான்ங்கறதே போயிடுமே. மகன் ஸாண்டர வச்சுத்தான் டாரியஸ் பேரம் பேசறான், செத்துப் போன பொண்டாட்டி எவாஞ்சலின் நெனப்பு வந்து திரும்பறான். அது தெரியாம தி பாத் தட் டிவைட்ஸ் கேட்டா அது வெறும் வேகமான பாட்டு. தெரிஞ்சு கேட்டா ஒரு அப்பன் புள்ள கண்ணு முன்னாடி சாகறான்.

ஏழாம்தந்தி:

எல்லாருக்கும் நன்றி, மனசார. ரெண்டு நாளா பதில் போடாததுக்கு காரணம் இருக்கு, செவிச்செல்வம் சொன்ன மாதிரியே செஞ்சு பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன். நேத்து ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் வரிய பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டு, கிட்டார அடுத்த ரூம்ல வச்சுட்டு, முதல் ஆக்ட் மட்டும் கேட்டேன்.

லாப்ரி விஷயத்துல நான் தப்பு பண்ணியிருக்கேன், ஒத்துக்கறேன். எ டெம்ப்டிங் ஆஃபர்ல டாரியஸ் பேரம் பேசறதும் ஆரிஸ் பதில் சொல்றதும் ஒரே தொண்டையிலேந்துதான் வருதுங்கறத நான் இத்தன வருஷம் கவனிக்கவே இல்ல. வரி கையில இல்லாம அது யாரு பேசறதுன்னே தெரியல, அதனால எல்லாம் ஒரே குரலா ஓடிடுச்சு. தி எக்ஸ் ஆஸ்பெக்ட் கடைசியில பேக்பைப் வருதே, அந்த எடத்துல ஆரிஸ் முடிவு எடுத்துட்டான்னு தெரிஞ்சு கேட்டப்போ கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு.

அப்புறம் எ நியூ பிகினிங். ஃபெய்த் அப்பாகிட்ட போய் கெஞ்சறா, அவன் பாட்ட ஒரு தடவ கேளுங்கன்னு. நஃபாரியஸ் எளகறான். பேச்சு முடிஞ்சதும் பெட்ருச்சி ஆரம்பிக்கறாரு, போறாரு, போய்க்கிட்டே இருக்காரு, பாட்டு முடியற வரைக்கும் நிறுத்தவே இல்ல. அப்பன் மனசுக்குள்ள என்ன ஓடுதுங்கறத அங்க வார்த்த சொல்லல, கிட்டார் சொல்லுது. நான் தேடினது அதுதான், முதல் சிடியில பதினெட்டு ட்ராக் தாண்டி ஒளிஞ்சு கெடந்திருக்கு. அடுத்த ரூமுக்குப் போய் கிட்டார எடுத்துட்டு வந்து மூணு மணி வரைக்கும் அந்த கடைசி ரெண்டு நிமிஷத்த புடிச்சுக்கிட்டு இருந்தேன், இன்னும் முழுசா வரல.

எட்டரைத்தாளம் நண்பா, மேஞ்சினி பத்தி நீங்க சொன்னது நியாயம், நான் அவர குறை சொல்லலன்னாலும் படிக்கறவங்களுக்கு அப்படிப் பட்டிருக்கும். ஆனா ரூம்ல அஞ்சு பேரு இல்லங்கற என் வருத்தம் போகல, நேத்தும் மையங்க தேடினேன், கெடைக்கல. அந்த சோலோவுக்குக் கீழ அவரு தனியா ஒரு வழி நடந்திருந்தா அது எங்கயோ போயிருக்கும். ஆர்மோனியக்காரர் தோள் குடுக்கறாருன்னு சொன்னீங்க செவிச்செல்வம், அது ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா நாடகத்துல அந்த மிருதங்கக்காரர் சத்தம் ஊர் எல்லை வரைக்கும் கேக்கும் இல்ல? இதுல கேக்கல.

பனங்கூடல் அண்ணை, அந்தப் பக்கத்து சீட்டு ஆளு முகம் எனக்கு அப்படியே தெரியுது, நானா இருந்தாலும் அப்படித்தான் உக்காந்திருப்பேன். நீங்க அந்த ஹிம் பத்தி எழுதினத நாலு தடவ படிச்சேன். இன்னிக்கு ராத்திரி ரெண்டாவது ஆக்ட், அந்தப் பாட்டு வரும்போது நீங்க சொன்னத நெனச்சுக்குவேன். கேட்டுட்டு வந்து எழுதறேன்.